வெறும் நீர்

எண்ணூர் முகத்துவாரத்தில் ஒதுங்கியவனின் கடைவாய்ப்பல்
அரைத்த பின் அரை கிராம்கூட இல்லை.
திருநீறு மாதிரி இருக்கு என்றான் புதிதாகச் சேர்ந்த பையன்.
வெண்பொடி என்றே பதிவேட்டில் எழுதினேன்.
மாதிரி 114. கீழே என் கையெழுத்து.

பாதியை உறைபெட்டியில் மூடி வைத்தேன்.
மீதியிலிருந்து சுண்ணாம்பு கழல இரண்டு நாள்.
புரதம் கரைய ஒரு ராத்திரி,
காய்ச்சலைவிடச் சூடான ஐம்பத்தாறு டிகிரியில்.
அந்த நொதிக்கு அவசரமே கிடையாது.
உட்கார்ந்து தின்னும்.
ஒன்றை மட்டும் தொடாது,
அந்த ஒன்றுக்காகத்தான் எங்களுக்குச் சம்பளம்.

பீனால் ஊற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
மணிக்கட்டில் அது ஒருமுறை சிந்திய இடம்
இன்னும் வெளுத்தே கிடக்கிறது.

சுழலியில் எதிரெதிரே வைக்கவேண்டும்:
இந்தப் பக்கம் அவன்.
அந்தப் பக்கம், எடைக்கு எடை, வெறும் நீர்.
அவனுக்குச் செய்வதெல்லாம் அதற்கும் உண்டு.
அதே பீனால், அதே சாராயம், அதே குளிர்.
இல்லாததையும் இல்லை என்று
நிரூபித்துத்தான் ஆகவேண்டும் இங்கே.

நின்றதும் மூன்றாகப் பிரிந்திருக்கும்.
மேலே தெளிவு. அடியில் நாற்றம். நடுவே வெள்ளையாய் ஓர் ஏடு.
தெளிவை மட்டும் உறிஞ்சவேண்டும்.
கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால்
ஏடும் கூடவே ஏறிவிடும்.

போன மாதம் அடையாறு பள்ளிப் பிள்ளைகளுக்கு
வாழைப்பழத்தில் செய்து காட்டினோம்.
குளிர்ந்த சாராயத்தில் சளி மாதிரி எழுந்து வந்தது.
"இவ்ளோதானா?" என்றாள் இரட்டைப் பின்னல் ஒருத்தி.
பல்லில் அதுவும் கிடையாது.
குழாயின் வெளிப்புறம் பேனாவால் ஒரு புள்ளி வைத்து
இந்தப் பக்கம்தான் படிந்திருக்கும் என்று நம்பி
மிச்சத்தைச் சாய்த்து ஊற்றிவிடவேண்டும்.

வியாழன்தோறும் வருகிறார் எபனேசர்.
அவருடைய அம்மாவின் கன்னத்தில் தேய்த்த பஞ்சு
மூன்று மாதமாய் எங்கள் உறைக்குள்.
உள்ளே வரமாட்டார்.
சைக்கிள் நிறுத்தம் பக்கம் நின்றுகொண்டு
ஒன்றேதான் கேட்பார்:
"இல்லேன்னா இல்லேன்னாவது சொல்லிடுங்க மேடம்."

நேற்று திரையில் 114 எழுந்தது,
சிகரம் சிகரமாய், உப்புநீரில் ஊறியவன் என்று சொல்லமுடியாதபடி.
அடுத்த வரிசை தட்டையாக ஓடவேண்டும்.
ஓடவில்லை.
அதிலும் மேடுகள்.
சின்னச் சின்னதாய், ஆனால் ஒழுங்காய்.
ஒரு பெண்.

ஊழியர் பட்டியலோடு ஒப்பிட்டோம்.
ஏழாவது வரி.
வெறும் நீர் என்று நானே எழுதி ஒட்டிய குழாயில்
நான்.

எந்த நொடி?
மூடி திறந்திருந்தபோது ஷம்ஷாத் "சாப்டியா" என்று கேட்டாள்.
முகமூடியை இறக்கி "ம்" என்றேன்.
ஓர் எழுத்து.
அதற்குள் அப்பா, அம்மா, அத்தை வழி மூக்கு,
எல்லாரும் இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டார்களா?

அவன் குழாயில் நான் இல்லை.
தெளிவாகவே தெரிகிறது.
ஆனாலும் தள்ளத்தான் வேண்டும், விதி அது.
அந்த விதியை எழுதியவரிடம் எனக்குச் சண்டை இல்லை.

திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறினேன்.
கம்பி ஈரமாயிருந்தது.
எத்தனை பேர் இதில், என்று நினைத்தும்
பிடித்துக்கொண்டேன், வேறு வழியில்லை,
இந்திரா நகர் வளைவில் வண்டி ஆடும்.

இன்று காலை மீதிப் பொடியை வெளியே எடுத்தேன்.
இனி மிச்சம் கிடையாது.
இரண்டு சோடிக் கையுறை. புது நீர்.
பதிவேட்டில்: மறுமுறை. காரணம்: நான்.
அப்படி எழுதக்கூடாது என்று அடித்துவிட்டு
ஊழியர் எண் 7 என்று திருத்தினேன்.

மூடியைத் திறக்கும்போது
"சாப்டியா" என்றாள் ஷம்ஷாத்.
தலையை மட்டும் ஆட்டினேன்.